மிச்சக் காசா, மாத்தின காசா? இங்கிலீஷ் சில்லறைக்கு ராத்தாவின் டிப்ஸ்

கல்முனை பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றால் "பலன்ஸ் தாங்க" என்ற குரல் எப்படியும் காதில் விழும். "பிறகு தாறன், டிக்கட்டைக் கையில வெச்சிரிங்க" என்று கொண்டக்டரும் சொல்லுவார். கொஞ்சம் நல்ல மனிதர் என்றால் டிக்கட்டின் பின்பக்கம் பேனையால் தொகையை எழுதியும் தருவார். நாங்கள் எல்லாரும் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் மிச்சக் காசு என்று வந்தால் நாக்கில் முதலில் வருவது பலன்ஸ்தான்.

இந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் பிள்ளைகள் கட்டாருக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறுகிறார்கள். அங்கே கடையில் நின்று "கிவ் மை பலன்ஸ்" என்றால், காஷியர் பிள்ளை போனுக்கு ரீலோட் பார்க்க வந்திருக்கிறார் போல என்று நினைக்கும். இலங்கைக்குள் அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். கொழும்பில் வாய் நிறைய இங்கிலீஷ் பேசுகிறவர்களும் மிச்சக் காசை பலன்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். இது எங்கள் நாட்டு இங்கிலீஷ். கட்டுநாயக்கவைத் தாண்டினால்தான் அது செல்லாது. வெளியே பலன்ஸ் என்றால் பேங்க் கணக்கில் கிடக்கும் தொகை, இல்லாவிட்டால் ஒரு பில்லில் நீங்கள் இன்னும் கட்டவேண்டிய பாக்கி. அதாவது உங்களுக்கு வரவேண்டிய காசைக் கேட்கப்போய், நீங்கள் கொடுக்கவேண்டிய காசைப் பற்றி விசாரித்த மாதிரி ஆகிவிடும்.

ஓ லெவல் எழுதிவிட்டு சுப்பர் மார்க்கட்டில் காஷியராகப் போகும் தங்கச்சிமாருக்கும், பாஸ்போட் எடுத்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய தொகைக்குரிய இங்கிலீஷ் யாருக்கும் குழம்புவதில்லை. குழப்பம் எல்லாம் ஐந்து ரூபா பத்து ரூபாவில்தான் வருகிறது.

இங்கிலீஷில் வாயைத் திறப்பதற்கு முன்னால் தமிழில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். இப்போது எனக்கு வேண்டியது மிச்சக் காசா, மாத்தின காசா, குத்திக் காசா? எங்கள் தமிழில் மூன்றும் வேறு வேறு. கடையில் சாமான் வாங்கிய பிறகு திரும்பி வருவது மிச்சம். ஆயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து நூறு நூறாக வாங்குவது மாத்தின காசு. உண்டியலில் கிலுங்குவது குத்திக் காசு. இங்கிலீஷ்காரன் இந்த மூன்றையும் 'சேஞ்ச்' என்ற ஒரே பைக்குள் போட்டு முடிந்து வைத்திருக்கிறான். பக்கத்தில் வரும் சொற்களை வைத்துத்தான் எது என்று பிரிக்கவேண்டும். சிங்களத்தில்கூட இந்தக் கஷ்டம் இல்லை. அம்பாறை டவுனில் கடைக்காரரிடம் 'இத்துரு சல்லி' என்றால் மிச்சம், 'மாரு சல்லி' என்றால் மாத்தின காசு.

மிச்சம் கேட்கும்போது 'மை' போடுங்கள்: "குட் ஐ ஹேவ் மை சேஞ்ச், ப்ளீஸ்?" அது உங்கள் காசு, ஆகவே மை. தாளை மாற்றவேண்டும் என்றால் 'ஃபோர்' போடுங்கள்: "டூ யூ ஹேவ் சேஞ்ச் ஃபோர் எ தௌசண்ட்?" ஆயிரத்துக்கு மாத்தின காசு இருக்கிறதா என்று பொருள். இரண்டும் இல்லாமல் ரோட்டில் போகிறவரிடம் "எனி சேஞ்ச்?" என்று மட்டும் கேட்காதீர்கள். லண்டன் தெருவோரத்தில் கை நீட்டுகிறவர் கேட்பது அப்படித்தான்.

காசு என்று வரும்போது சேஞ்ச் என்ற சொல்லுக்குப் பன்மை கிடையாது. "சேஞ்சஸ் இருக்கா" என்று தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இங்கிலீஷ் வசனத்துக்குள் மட்டும் சேஞ்சஸ் வந்தால் அது மாற்றங்கள் என்று ஆகிவிடும். எண்ணிச் சொல்லவேண்டும் என்றால் 'கொயின்ஸ்' இருக்கிறது. "த்ரீ கொயின்ஸ்" சரி, "த்ரீ சேஞ்சஸ்" சரியில்லை.

'த' என்ற குட்டிச் சொல் செய்யும் வேலையையும் பாருங்கள். "கீப் த சேஞ்ச்" என்றால் மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். "கீப் சம் சேஞ்ச் வித் யூ" என்றால் கைவசம் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள் என்ற புத்திமதி. மாறிச் சொன்னால் டக்சிக்காரருக்குத்தான் லாபம். இன்னொன்று 'எக்ஸாக்ட் சேஞ்ச்'. கணக்குக்குச் சரியான காசு, மிச்சம் தரத் தேவையில்லை. வெளிநாட்டு பஸ்ஸில் "எக்ஸாக்ட் சேஞ்ச் ஒன்லி" என்று எழுதியிருந்தால், பெரிய தாளோடு ஏறிவிட்டு முழிக்கவேண்டாம்.

கணக்குச் சரியான காசு எங்கள் ஊரில் எவ்வளவு அரிது என்பதற்கு பஸ்தான் சாட்சி. 2024 ஜூலையில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணத்தை 30 ரூபாவில் இருந்து 28 ஆக இறக்கினார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்த 2 ரூபாக் குத்திக்கு எங்கே போவது? கொண்டக்டரிடம் இல்லை, எங்களிடமும் இல்லை. கட்டணம் குறைந்தது பேப்பரில், போனது 30தான். கடைகளில் இந்த இடத்தை டொபி பிடித்துக்கொண்டது. இரண்டு ரூபாவுக்குப் பதில் ஒரு டொபியைத் தள்ளிவிடுவார்கள். அடுத்த நாள் அதே டொபியைக் காசாகத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், முதலாளியின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும்.

தம்பிமார் கவனிக்கவேண்டிய இன்னொரு சொல் 'பிரேக்'. அமெரிக்க இங்கிலீஷ் படித்தவர்கள் "கேன் யூ பிரேக் எ ஹண்ட்ரட்?" என்று கேட்பார்கள். எதையும் உடைக்கச் சொல்லவில்லை, நூறை மாற்றித் தரச் சொல்கிறார்கள். கல்ஃபில் பிலிப்பீன்காரர்களோடு வேலை செய்தால் அடிக்கடி காதில் விழும். அதே ஆட்கள் தாளை 'பில்' என்பார்கள். எங்களுக்கு பில் என்றால் கரண்ட் பில், கடை பில். அவர்களுக்கு 'ஹண்ட்ரட் டொலர் பில்' என்பது நூறு டொலர்த் தாள். சாப்பாட்டுக் கடையில் தரும் துண்டு எங்களுக்கு பில், அமெரிக்கருக்கு 'செக்'. ஹோட்டலில் ஒருவர் "செக், ப்ளீஸ்" என்றால் பேங்க் செக் புத்தகத்தைத் தேடாதீர்கள், சாப்பிட்ட கணக்கைக் கொண்டுபோய் வையுங்கள்.

காஷ் என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிலீஷில் இந்தச் சொல் இரண்டு. கையில் இருக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் காஷ், காசுப் பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது. இன்னொரு காஷ், ஆசியாவின் சின்னச் செப்புக் காசுகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். அது எங்கள் 'காசு'தான், போர்த்துக்கீசர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பனி மதராசில் கணக்கு எழுதியபோது 80 காஷ் ஒரு ஃபணம், 42 ஃபணம் ஒரு பகோடா. ஃபணம் யாருடைய சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் காசுகளை 1803இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து, மேலே இங்கிலீஷில் 'காஷ்' என்றே பொறித்துக் கப்பலில் அனுப்பினார்கள். பிறகு அடித்த காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல் திட்டில் மோதி மூழ்கிப்போனது. நூற்றெழுபது வருசம் தாண்டித்தான் சுழியோடிகள் அந்தச் செப்புக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். இன்றும் பழங்காசு சேர்க்கிறவர்கள் வாங்கி விற்கிறார்கள்.

கதை போதும், விசயத்துக்கு வருவோம். காஷ் என்றால் சில்லறை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஐந்தாயிரம் ரூபாத் தாளும் காஷ்தான், பத்து ரூபாக் குத்தியும் காஷ்தான். காட் இல்லை, செக் இல்லை, ஒன்லைன் இல்லை, கையில் காசு என்று அர்த்தம். "காஷ் ஓ காட்?" என்று காஷியர் கேட்டால், சில்லறையாகத் தருகிறீர்களா என்று கேட்கவில்லை.

அதோடு ஒட்டி வருவது 'பெட்டி காஷ்'. பெட்டிக்குள் இருக்கும் காசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இந்த 'பெட்டி'க்கு இங்கிலீஷில் சின்னது என்று பொருள். ஒஃபிசில் தேத்தண்ணி, முத்திரை, போட்டோக்கொப்பி போன்ற சின்னச் செலவுக்கு ஒதுக்கி வைக்கும் தொகைதான் பெட்டி காஷ். வணிகம் படித்தவர்களுக்கு 'சில்லறைக் காசேடு' என்றால் உடனே பிடிபடும். அதில் தாளும் இருக்கலாம், குத்தியும் இருக்கலாம். சில்லறை என்ற பெயர் செலவின் அளவுக்கு, காசின் வடிவத்துக்கு அல்ல. காலையில் காஷ் மெசின் பக்கத்தில் உட்காரும்போது மிச்சம் கொடுப்பதற்கென்று முதலாளி எண்ணித் தருவது 'ஃப்ளோட்'. இது வேறு, பெட்டி காஷ் வேறு. மாலையில் கணக்கு முடிக்கும்போது ஃப்ளோட்டைக் கழித்துவிட்டுத்தான் வியாபாரக் காசு எவ்வளவு என்று சொல்லவேண்டும். காசு குறைந்தால் 'ஷோர்ட்', கூடினால் 'ஓவர்'. "த டில் இஸ் ஷோர்ட் பை ஃபிஃப்டி ருபீஸ்" என்றால் பெட்டியில் ஐம்பது ரூபா குறைகிறது. கூடினாலும் சொல்லிவிடுங்கள். கூடியது யாரோ ஒருவருக்குக் கொடுக்காமல் விட்ட மிச்சமாக இருக்கும், அது எங்களுக்கு ஹலால் இல்லை.

கல்ஃப் போகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். எங்கள் ரூபாவுக்கு 100 சதம். பிரிட்டிஷ்காரன் காலத்தில், 1872இல் இருந்து இந்தக் கணக்குத்தான். இன்றைக்குச் சதத்தைக் கையில் யாரும் காண்பதில்லை, பேங்க் கணக்கிலும் பில்லின் கடைசியிலும்தான் அது உயிரோடு இருக்கிறது. ஆகவே புள்ளிக்குப் பிறகு வருவதைப் பார்க்காமல் விடுவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. குவைத்தில் அந்தப் பழக்கத்தோடு காஷ் மெசினில் உட்கார்ந்தால் மாசச் சம்பளம் கழிபட்டுவிடும்.

சவூதியில் ஒரு ரியாலுக்கு 100 ஹலாலா. துபாயில் ஒரு திர்ஹமுக்கு 100 ஃபில்ஸ். கட்டாரில் ஒரு ரியாலுக்கு 100 திர்ஹம். ஆம், துபாயில் முழுக் காசாக இருக்கும் திர்ஹம், கட்டாரில் சதம் மாதிரிச் சில்லறை. மத்ரஸாவில் ஸகாத் பாடத்தில் வெள்ளிக்கு 200 திர்ஹம் என்று ஓதிய பிள்ளைக்கு, தோஹாவில் 50 திர்ஹம் என்று ஒரு குட்டிக் குத்தியைக் கையில் வைத்தால் திகைப்பாகத்தான் இருக்கும். துபாயில் வேலை செய்துவிட்டு கட்டாருக்கு மாறிப் போகிறவர்களுக்குத்தான் இது கூடக் குழம்பும்.

குவைத், பஹ்ரைன், ஓமான் மூன்றிலும் கணக்கு நூறு இல்லை, ஆயிரம். ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ், ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. ஆகவே விலைச் சீட்டில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரும். 1.500 என்றால் ஒன்றரைத் தினார். 1.050 என்றால் ஒரு தினாரும் 50 ஃபில்ஸும்தான். இரண்டையும் "வன் ஃபிஃப்டி" என்று வாசித்துவிட்டால் 450 ஃபில்ஸ் பறந்துவிடும். நாங்கள் மலிவான காசு என்று நினைக்கிற இடத்தில், குவைத்தின் ஆகச் சின்னத் தாளே கால் தினார்தான், 250 ஃபில்ஸ். அதை இலங்கைக் காசில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு அலட்சியமாக எண்ணுங்கள்.

விலையை வாசிக்கும்போது 'பொயிண்ட்' சொல்லவேண்டாம். பள்ளிக்கூடக் கணக்குப் பாடத்தில்தான் பொயிண்ட். கடையில் 3.25 திர்ஹமை "த்ரீ ட்வெண்டி ஃபைவ்" என்றாலே போதும், முழுதாகச் சொல்லவேண்டும் என்றால் "த்ரீ திர்ஹம்ஸ் ட்வெண்டி ஃபைவ் ஃபில்ஸ்". "த்ரீ பொயிண்ட் டூ ஃபைவ்" என்றாலும் விளங்கும், ஆனால் புது ஆள் என்று எதிரில் நிற்பவருக்கும் விளங்கிவிடும்.

லண்டன், அமெரிக்கா பக்கம் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 'பெனி' என்பது ஒரு காசு, 'பென்ஸ்' என்பது தொகை. "டென் பென்ஸ்" என்றால் பத்துப் பென்ஸ் பெறுமதி, ஒரே குத்தியாகவும் இருக்கலாம். "டென் பெனிஸ்" என்றால் ஒரு பெனிக் குத்தி பத்து. பேச்சில் "டென் பீ" என்றே முடித்துவிடுவார்கள். 1971 பெப்ரவரி 15 வரைக்கும் அவர்களுக்கு 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண்ட், ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். நூறு சதக் கணக்கில் நாங்கள்தான் அவர்களை விட மூத்தவர்கள். அமெரிக்காவில் 5 சதத்துக்கு 'நிக்கல்', 10 சதத்துக்கு 'டைம்', 25க்கு 'குவாட்டர்'. நிக்கலை விட டைம் உருவத்தில் சின்னது, பெறுமதியில் பெரியது. போதாக்குறைக்கு டைமின் மேல் பத்து என்ற இலக்கமே இல்லை, 'வன் டைம்' என்றுதான் எழுதியிருக்கும். ஒரு சதக் குத்தியை அவர்களும் பெனி என்பார்கள். புழக்கத்துக்கு அதை அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் 2 ரூபா போன வழியில் அதுவும் போகிறது.

கொடுக்கும் காசின் பெயர்களில் அதிகம் மினக்கெடத் தேவையில்லை. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் கொடுப்பது 'ஃபெயார்', டொக்டருக்கும் டியூசனுக்கும் 'ஃபீ', பாஸலை வீட்டுக்குக் கொண்டுவந்து தர எடுப்பது 'சார்ஜ்', லைப்ரரிப் புத்தகம் பிந்தினால் 'ஃபைன்'. "பஸ் ஃபீஸ்" என்று சொல்லாமல் இருந்தால் சரி.

'டிப்' பற்றித்தான் கொஞ்சம் சொல்லவேண்டும். வெயிட்டருக்குச் சந்தோசமாகக் கையில் வைப்பது டிப், எழுத்தில் வந்தால் 'கிராச்சுவிட்டி'. பில்லிலேயே பத்து வீதம் போட்டுச் சேர்ப்பது 'சேவிஸ் சார்ஜ்'. சேவிஸ் சார்ஜ் போட்டிருந்தால் டிப் கட்டாயம் இல்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் 'சந்தோசம்' என்று ஒரே சொல்தான். பியூன் கை நீட்டினாலும் சந்தோசம், கந்தோரில் ஃபைலை நகர்த்தக் கொடுப்பதும் சந்தோசம். முதலாவதை இங்கிலீஷில் டிப் என்று சொல்லலாம். இரண்டாவதுக்கு இங்கிலீஷில் 'பிரைப்' என்றுதான் பெயர், அதை டிப் என்று மாற்றிச் சொல்ல வராதீர்கள்.

பெருநாள் காசுக்கு என்ன சொல்ல என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. 'பொக்கட் மணி' இல்லை. அது வீட்டில் வாராவாரம் கைச்செலவுக்குக் கொடுப்பது. "ஈத் மணி" என்று சொல்லுங்கள், போதும். பாகிஸ்தான்காரர்களிடம் என்றால் 'ஈதி'.

கடைசியாக, காஷியர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மிச்சத்தைக் கழித்துப் பார்த்துக் கொடுக்கவேண்டாம், விலையில் இருந்து மேலே கூட்டிக்கொண்டு போங்கள். சாமான் 640 ரூபா, தந்தது ஆயிரம் ரூபாத் தாள் என்று வையுங்கள். தாளை உடனே லாச்சிக்குள் போடாமல் மேலேயே வையுங்கள், ஐந்தாயிரம் தந்தேன் என்று பிறகு சொல்ல இடமிருக்காது. பத்து ரூபாக் குத்தியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து "டென் மேக்ஸ் சிக்ஸ் ஃபிஃப்டி". ஐம்பது ரூபாத் தாளை அதற்கு மேல் வைத்து "ஃபிஃப்டி மேக்ஸ் செவன் ஹண்ட்ரட்". பிறகு நூறு தாள் மூன்றை விசிறி மாதிரி விரித்துக் காட்டி "என்ட் த்ரீ ஹண்ட்ரட் மேக்ஸ் எ தௌசண்ட்". முந்நூற்று அறுபது போய்ச் சேர்ந்துவிட்டது, கழித்தல் கணக்கே இல்லை, எதிரில் நிற்பவரும் கூடவே எண்ணிவிட்டார். கை பழகும் வரைக்கும் குத்தி முதலில், தாள் பிறகு என்று வையுங்கள். தாளை வைத்துவிட்டு அதன் மேல் குத்தியைப் போட்டால் அது உருண்டு கவுண்டருக்குக் கீழே போய்விடும். உம்மா காசு போட்டு வைக்கும் போத்தலை இன்றைக்கு இரவு கேட்டு வாங்கி, தம்பியை எதிரில் கஸ்டமராக இருத்தி இதைச் செய்துபாருங்கள். போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் டில் ஷோர்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.